நாளைக்கு உனக்குக் காய்ச்சல்

ஆசிரியர் பயிற்சியின் கடைசி மாதத்தில் எங்களை ஒரு பக்கம் எழுதச் சொன்னார்கள். தலைப்பு, 'எனது கற்பித்தல் கொள்கை'. நானும் எழுதினேன். குழந்தைகள் மொட்டுகள், ஆசிரியர் தோட்டக்காரர், அன்புதான் உரம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளும் ஏறக்குறைய அதையேதான் எழுதியிருந்தாள். இரண்டு பேருக்கும் நல்ல மதிப்பெண் கிடைத்தது. உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தால் என் கொள்கை ஒரே வரியில் முடிந்திருக்கும். நான் டீச்சர் வேலைக்கு வந்தது ஒரு டீச்சரைப் பழி வாங்க.

இதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னாலும் நம்ப மாட்டார்கள். ஸ்ரீரங்கத்தில் ஓர் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். காட்டன் புடவை, ஸ்கூட்டி, டிபன் பை. குரலை உயர்த்தாத மனுஷி என்று சக ஆசிரியைகள் என்னைப் பற்றிச் சொல்வார்கள். குரலை உயர்த்தாதவர்களுக்குக் கோபம் இல்லை என்று யார் சொன்னது? எனக்குக் கோபத்தை எங்கே எடுத்து வைக்க வேண்டும் என்று தெரியும், அவ்வளவுதான்.

அப்பாவுக்குப் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை. குடியிருப்பிலிருந்து நடந்து போகிற தூரத்தில் நான் படித்த பள்ளிக்கூடம். மூன்றாம் வகுப்பு டீச்சர் ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, அங்கே பஸ் மாறி வருவார். கஞ்சி போட்ட புடவை கசங்காமல் அவ்வளவு தூரம் எப்படி வருகிறார் என்று எங்கள் அம்மாக்கள் பேசிக்கொள்வார்கள். அவருக்கு நல்ல பெயர். இன்ஸ்பெக்டர் வந்து போகும்போதெல்லாம் அவர் வகுப்பைத்தான் மெச்சிவிட்டுப் போவார்.

மெச்சாமல் என்ன செய்வார்? இன்ஸ்பெக்டர் கேள்வி கேட்டால் வகுப்பில் இருக்கிற அத்தனை கையும் மேலே போகும். டீச்சர் யாரை எழுப்பினாலும் அந்தப் பிள்ளை டாண் என்று பதில் சொல்லும். அதற்கு ஓர் ஏற்பாடு இருந்தது. பதில் தெரிந்தவர்கள் வலது கையைத் தூக்க வேண்டும். தெரியாதவர்கள் இடது கையைத் தூக்க வேண்டும். டீச்சர் வலது கையை மட்டும் பார்த்து எழுப்புவார். எதிரே நிற்கிற இன்ஸ்பெக்டருக்கு எல்லாம் கைதான். இந்த வித்தையை அவர் மட்டும் செய்யவில்லை, அந்தக் காலத்தில் பல பள்ளிகளில் நடந்தது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அதனால் என் கோபம் கொஞ்சமும் குறையவில்லை.

நான் இடது கைக் கூட்டம். குறிப்பாகக் கணக்கில். கடன் வாங்கிக் கழிப்பது ஓரளவு வந்துவிட்டது. நடுவில் பூஜ்யம் வந்தால் மட்டும் நின்றுவிடுவேன். நானூற்று மூன்றில் நூற்று அறுபத்தெட்டு போக மீதி என்ன என்றால், மூன்றில் எட்டு போகாது, பக்கத்தில் கடன் வாங்கு என்பார்கள். பக்கத்தில் இருப்பது பூஜ்யம். ஒன்றுமே இல்லாதவளிடம் போய் என்னத்தைக் கடன் கேட்பது? இதை நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் எனக்குத் தெரியவில்லை என்று தெரிந்துவிடும்.

ஒரு நாள் இன்ஸ்பெக்டர் அதே மாதிரிக் கணக்கைத்தான் போர்டில் எழுதினார். எல்லாரும் கையைத் தூக்கினார்கள். நானும் தூக்கினேன். பயத்தில் எது இடது, எது வலது என்றே எனக்கு மறந்துபோயிருந்தது. நான் தூக்கியது வலது கை. டீச்சர் என்னைப் பார்த்துச் சிரித்து, நீ வா என்றார். என்ன, இவளுக்குக் கூட வந்துவிட்டதா என்று அவருக்கு ஒரு சந்தோஷம் இருந்திருக்க வேண்டும். போர்டுக்கு முன்னால் போய் நின்றேன். சுண்ணக்கட்டி கையில் நனைந்து வழுக்கியது. மொத்த வகுப்பும் பார்த்துக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, சரி போ என்றார். டீச்சர் அன்று என்னை அடிக்கவில்லை. திட்டவும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் என் பக்கமே பார்க்கவில்லை.

அடுத்த முறை இன்ஸ்பெக்டர் வருவதற்கு முதல் நாள் சாயங்காலம், எல்லாரும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது என்னை மட்டும் வாசலில் நிறுத்தினார். அவிழ்ந்திருந்த ரிப்பனைக் கட்டிவிட்டார். அவர் அவ்வளவு அன்பாக என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"நாளைக்கு உனக்குக் காய்ச்சல். அம்மாகிட்ட சொல்லிடு, என்ன?"

நானும் தலையை ஆட்டினேன். வீட்டுக்குப் போய் அம்மாவிடம், நாளைக்கு எனக்குக் காய்ச்சல் என்றேன். அம்மா என் கழுத்தில் கை வைத்துப் பார்த்தாள். ஐஸ் மாதிரி இருக்கே என்றாள். நாளைக்குத்தான் என்றேன். காலையில் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. அப்பாவுக்கு மட்டம் போடுகிறவர்களைக் கண்டாலே பிடிக்காது. ஷிப்டுக்குச் சங்கு ஊதுவதற்குள் என்னைச் சைக்கிளில் உட்கார வைத்து, பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டு, பொய் சொன்னால் சோறு கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

டீச்சர் என்னை வாசலிலேயே பார்த்துவிட்டார். ஏன் வந்தே என்று கேட்டார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சத்துணவுக் கூடத்தில் விறகு அடுக்கியிருந்த மூலையில் உட்கார வைத்தார். வெளியே தலையைக் காட்டக் கூடாது என்றார். அன்று முழுக்க அங்கேதான் இருந்தேன். அடுப்புப் புகை. அந்தப் பக்கம் என் வகுப்பு வாய்ப்பாடு சொல்கிற சத்தம் கேட்டது. கைதட்டல் கேட்டது. நான் இல்லாமல் என் வகுப்பு எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று எனக்கே தெரிந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது உடம்பு கொதித்தது. நிஜமாகவே காய்ச்சல். அம்மா அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை நேற்றே சொன்னாள், கேட்டீர்களா என்று சத்தம் போட்டாள். அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கிரீஸ் வாசனை போகாத கையை என் நெற்றியில் வைத்து, அப்பா தப்புப் பண்ணிட்டேன்மா என்றார்.

எனக்கு நினைவு தெரிந்து அப்பா யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை. அன்று என்னிடம் சொன்னார். சொல்ல வேண்டியவர் அவர் இல்லை. அந்த வார்த்தையை டீச்சர் வாயிலிருந்து வாங்கியே தீருவேன் என்று எட்டு வயதில் நினைத்தேன் என்றால் அது கதை. அப்போது அழத்தான் தெரிந்தது. வளர வளரத்தான் அந்த ஆசை வளர்ந்தது.

பத்தாவது, பன்னிரண்டாவது எல்லாம் நல்ல மதிப்பெண்ணோடு தாண்டினேன். பூஜ்யத்தைத் தாண்டிக் கடன் வாங்குவதைப் பக்கத்து வீட்டு அக்காவின் பழைய புத்தகத்தை வைத்து நானே படித்துக்கொண்டேன். வங்கிப் பரீட்சை எழுது என்றார்கள். எனக்கு மூன்றாம் வகுப்புதான் வேண்டும் என்றேன்.

என் வகுப்பில் யாரும் கை தூக்கக் கூடாது. இது முதல் விதி. தெரியாதவர்கள் வாய்விட்டுத் தெரியாது என்று சொல்ல வேண்டும். இது இரண்டாவது. அப்படிச் சொல்கிற பிள்ளைக்குத்தான் சுண்ணக்கட்டி. போர்டுக்கு வந்து, எதுவரை தெரியும் என்று எழுதிக் காட்டும். அங்கிருந்து நாங்கள் எல்லாரும் சேர்ந்து போவோம். ஜூன் மாதம் புதுப் பிள்ளைகள் வரும்போது முதலில் இந்த ஒரு வாக்கியத்தைத்தான் சொல்ல வைப்பேன். "எனக்குத் தெரியல டீச்சர், சொல்லிக் குடுங்க." சத்தமாக, வெட்கப்படாமல், சிரித்துக்கொண்டே சொல்லும்வரை விட மாட்டேன். அவங்க கிளாஸ்ல மக்குதான் ராஜா என்று ஆசிரியர் அறையில் கேலி செய்வார்கள். ஆமாம் என்பேன்.

வெளியிலிருந்து யாராவது ஆய்வுக்கு வந்தால் எனக்குத் திருவிழா. தடுமாறிப் படிக்கிற பிள்ளைகளைப் பொறுக்கி முன் வரிசையில் உட்கார வைப்பேன். அவர்களையே கேளுங்கள் என்று அதிகாரியிடம் சொல்வேன். ஒரு முறை அப்போதிருந்த தலைமையாசிரியை, நாலைந்து பேர் நாளைக்கு லீவு எடுத்துக்கிட்டா நல்லது பாருங்க என்று நைசாகச் சொன்னார். சரி என்று சிரித்துவிட்டு வந்தேன். மறுநாள் காலை கொள்ளிடக்கரைப் பக்கம் ஒவ்வொரு வீடாக ஸ்கூட்டியில் போய், பூக்கட்டுகிறவர் மகளை, ஆட்டோக்காரர் மகனை, எல்லாரையும் இரண்டு மூன்று நடையாக நானே ஏற்றிக்கொண்டு வந்து சேர்த்தேன். என் வகுப்பைப் பற்றிச் சுமாரான குறிப்புதான் போனது. தலைமையாசிரியை ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அந்த வாரம் நான் நன்றாகத் தூங்கினேன்.

இப்படி அந்த டீச்சரை வருஷா வருஷம் அடித்துக்கொண்டுதான் இருந்தேன். அவருக்குத்தான் அது தெரியாது. இதுதான் என்னை அரித்தது. பழி வாங்குவது என்றால் வாங்கப்படுகிறவருக்குத் தெரிய வேண்டாமா? அவர் ஸ்ரீரங்கத்தில்தான் இருந்தார். எங்கள் பள்ளிக்கு நாலு தெரு தள்ளி ஓர் அடுக்குமாடி வீடு. காய்கறிக் கடையில் சில சமயம் பார்ப்பேன். கூன் விழுந்திருந்தது, புடவை மட்டும் இன்னும் அதே விறைப்பு. கத்தரிக்காயைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார். நான் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவேன்.

போன வருஷம் ஆசிரியர் தினத்துக்கு யாரைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிடலாம் என்று புதுத் தலைமையாசிரியை கேட்டார். ஓய்வு பெற்ற ஆசிரியர் யாராவது பக்கத்தில் இருந்தால் பொன்னாடை போர்த்தலாம் என்றார். மற்றவர்கள் யோசிப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். எனக்குச் சொல்லிக் கொடுத்த டீச்சர் ஒருத்தர் இருக்காங்க என்றேன். எல்லாருக்கும் மனசு குளிர்ந்துவிட்டது. குருபக்தி என்றார்கள்.

கூப்பிட நானே போனேன். பொன்மலையில் உங்களிடம் படித்தவள் என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. என்னை அடையாளம் தெரியவில்லை. ஆனாலும், நீ நல்லா வருவேன்னு அப்பவே நினைச்சேன்மா என்றார். கையில் இருந்த காப்பி டம்ளரை அவர் மேலேயே கொட்டிவிடலாமா என்று வந்தது. குடித்துவிட்டு, அவசியம் வரணும் டீச்சர் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

திட்டம் இதுதான். பொன்னாடை போர்த்தியதும் டீச்சர் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு கணக்குச் சொல்லித் தர வேண்டும் என்று மைக்கில் கேட்பேன். என் வகுப்பு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும். போர்டில் நானே கணக்கை எழுதி வைப்பேன். நானூற்று மூன்று கழித்தல் நூற்று அறுபத்தெட்டு. அது எங்களுக்கு அடுத்த வாரப் பாடம், ஒரு பிள்ளைக்கும் தெரியாது. தெரிந்தவர்களையே தேடிப் பழகிய கண்ணுக்கு எதிரே வலது கையே இல்லாத ஒரு வகுப்பு. அவர் விழிப்பார், இல்லை கத்துவார், இல்லை ஏதாவது சொல்லி மழுப்புவார். எல்லாரும் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு நான் மைக்கை வாங்கி, காய்ச்சல் கதையை ஆரம்பத்திலிருந்து சொல்வேன். அந்தப் பேச்சைக் கண்ணாடி முன்னால் நின்று மனப்பாடம் செய்திருந்தேன். பிள்ளைகளுக்கு எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுக்கத் தேவையும் இல்லை.

எல்லாம் நான் நினைத்தபடியே நடந்தது, பாதிவரை. போர்டைப் பார்த்துவிட்டு, யாருக்குத் தெரியும், கை தூக்குங்க பார்ப்போம் என்றார் டீச்சர். ஒரு கையும் மேலே போகவில்லை. அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வரிசை வரிசையாகப் பார்த்தார். முன்வரிசையிலிருந்து பூக்கட்டுகிறவரின் கடைசி மகள் எழுந்தாள். எங்கள் வழக்கப்படி, கணீரென்று சொன்னாள்.

"எனக்குத் தெரியல டீச்சர், சொல்லிக் குடுங்க."

பின்னாலிருந்து பெற்றோர்கள் சிரித்தார்கள். டீச்சர் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். விழிக்கட்டும், நன்றாக விழிக்கட்டும் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அவர் விழிக்கவில்லை. பொன்னாடையை எடுத்து நாற்காலியில் வைத்துவிட்டு, மேடையிலிருந்து ஒவ்வொரு படியாகப் பிடித்து இறங்கினார். குச்சி இருக்கா என்று கேட்டார். வகுப்பில் நாங்கள் வைத்திருக்கிற ஈர்க்குச்சிக் கட்டுகளைப் பிள்ளைகள் ஓடிப்போய்க் கொண்டுவந்தார்கள். அந்த வயதில் தரையில் உட்கார்ந்தார். நூறு நூறாக நாலு கட்டு, தனியாக மூன்று குச்சி. இதிலிருந்து எட்டுக் குச்சி எனக்குக் குடு என்றார். மூணுதான் இருக்கு என்றாள் அந்தப் பெண். பக்கத்து வீட்டில் கேளு என்றார். பக்கத்து வீடு காலியா இருக்கு டீச்சர் என்றாள். அட ஆமா, பாவம், அவகிட்டயே ஒண்ணும் இல்ல, அப்ப அவ யார்கிட்ட போவா என்று கேட்டார். அந்தப் பெண் யோசித்துவிட்டு நூறு கட்டைக் காட்டினாள்.

பிரி என்றார். அவள் பெரிய கட்டைப் பிரித்தாள். உள்ளே பத்துப் பத்தாகக் கட்டியிருந்த சின்னக் கட்டுகள் விழுந்தன. இப்ப நடு வீட்டுக்காரி பணக்காரி ஆயிட்டா, இதில ஒண்ணை எடுத்து உனக்குக் குடுத்துட்டா அவகிட்ட எவ்வளவு என்று கேட்டார். ஒன்பது என்று மொத்த வகுப்பும் கத்தியது. அவர் அவசரப்படவில்லை. அந்தப் பெண் ஒரு இடத்தில் தப்பாக எண்ணினாள், மறுபடி எண்ணு என்று சொல்லிக் காத்திருந்தார். போர்டில் இருநூற்று முப்பத்தைந்து என்று அவள் எழுதி முடித்தபோது நாங்கள் மேடையில் அவருக்கு வைத்திருந்த டீ இன்னும் ஆறவில்லை.

நான் இத்தனை வருஷமாக அந்தப் பாடத்தை எடுக்கிறேன். என்னாலும் அதைவிட நன்றாகச் சொல்லிக் கொடுக்க முடியாது.

கைதட்டல் அடங்கியதும் தலைமையாசிரியை மைக்கை என்னிடம் நீட்டினார். மனப்பாடம் செய்த பேச்சு அப்படியே இருந்தது. வாயைத் திறந்து, டீச்சருக்கு நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டுக் கொடுத்துவிட்டேன். நெகிழ்ந்துபோய்விட்டேன் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். எனக்கு வந்தது நெகிழ்ச்சி இல்லை. நான் இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்தது, பாவம், அந்த அம்மாவுக்குச் சொல்லிக் கொடுக்கத் தெரியாது, அதனால்தான் என்னை ஒளித்து வைத்தார் என்று. அந்த நினைப்பில் ஒரு ஆறுதல் இருந்தது. இப்போது அதுவும் போய்விட்டது.

ஆட்டோவில் ஏற்றிவிட நான்தான் கூடப் போனேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நடக்க நடக்க எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வலது கை, ரிப்பன், காய்ச்சல், விறகு மூலை. அவர் நின்று கேட்டார். அவருக்கு ஞாபகம் இல்லை. இருக்கும்மா, அப்ப எல்லாரும் அப்படித்தான் செய்வோம் என்றார். கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை.

"இன்னிக்கு அந்தப் பிள்ளைக்குக் குச்சி வச்சுச் சொல்லிக் குடுத்தீங்களே. அது அப்பவே உங்களுக்குத் தெரியுமா டீச்சர்?"

"தெரியாம என்ன? ட்ரெயினிங்லயே சொல்லிக் குடுத்துட்டாங்களே."

"அப்ப எனக்கு ஏன் சொல்லிக் குடுக்கல?"

நிஜமாகவே யோசித்தார்.

"நீ கேக்கலையேம்மா."

அதில் பொய்யே இல்லை. நான் கேட்கவில்லைதான். வாயைத் திறக்காமல் எந்தக் கையைத் தூக்க வேண்டும் என்றுதான் எனக்கு அங்கே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதை அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் ஆட்டோவில் ஏறி, புடவையை இழுத்து விட்டுக்கொண்டு, என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம். ரிடையர் ஆனதிலிருந்து ஒரு பிள்ளை தன்னிடம் எதையும் கேட்டதில்லை என்றார். பேரன்கள் வெளிநாட்டில், போனில் ஹாய் சொல்வதோடு சரி என்றார். வீடு பக்கம்தானே, வாரத்தில் ஒரு நாள் வந்து கணக்குச் சொல்லிக் கொடுக்கட்டுமா, சும்மாத்தானே உட்கார்ந்திருக்கேன் என்று கேட்டார்.

அவர் வந்தால் என் பிள்ளைகளுக்கு நல்லது. அது எனக்குத் தெரியும். தலைமையாசிரியை தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவார், அதுவும் தெரியும்.

"வேண்டாம் டீச்சர்," என்றேன். "நீங்க வராதீங்க."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. என் கையை விட்டுவிட்டு, மடியிலிருந்த பொன்னாடையை மடித்தார். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தார். ஆட்டோக்காரர் போலாமாங்க என்று என்னைத்தான் கேட்டார். போங்க என்றேன்.